பதினொரு சென்டிமீட்டர் டீசல்

மனித குலத்தின் வரலாறு என்பது, சிக்கல்களைத் துணிந்து எதிர்கொண்டு அறிவால் வென்ற வரலாறே. முதலாம் ஆண்டுப் பொறியியல் மாணவர்களுக்கான ‘சிக்கல் தீர்த்தலும் நிரல் எழுதுதலும்’ என்ற பாடத்தின் கையேடு இப்படித்தான் தொடங்குகிறது. அடுத்த பக்கத்தில், கணினி அறைக்குள் தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது, போகும்போது நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போகவும் என்று இருக்கிறது.

மூன்றாம் பக்கத்தில் ஐந்து படிகள். சிக்கலை ஒரே வாக்கியத்தில் சொல். என்ன தெரியும், என்ன தெரிய வேண்டும் என்று எழுது. சின்னதாக ஓர் உதாரணத்தைக் கையால் போட்டுப் பார். பிறகு நிரல் எழுது. கடைசியில் சோதித்துப் பார்.

இதில் மூன்றாவது படியை யாரும் செய்வதில்லை. முதலில் நிரலை எழுதி ஓட்டுவார்கள். அது என்ன விடையைத் துப்புகிறதோ அதைப் பார்த்து, ‘கையால் போட்டது’ என்று தலைப்பிட்டு, நடுவில் ஓர் அடித்தல் திருத்தலும் சேர்த்து எழுதிவிடுவார்கள். வகுப்பில் நூற்றுப் பத்துப் பேர். நூற்றுப் பத்துப் பேர் கையால் போட்டதும் நான்கு தசம இடம் வரை சுத்தமாக இருக்கும்.

நம் கதையின் மகள் அந்த ஏமாற்று வேலையைக்கூடச் செய்யவில்லை. அப்பாவை நம்பினாள்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக இரண்டு வரி. ‘உங்கள் விடையும் இன்னொரு மாணவரின் விடையும் ஒன்றாகவே இருக்கின்றன. செவ்வாய் பகல் ஒரு மணிக்கு நேரில் வந்து விளக்கவும். விளக்கம் ஏற்கப்படாவிட்டால் ஓராண்டு நீக்கம்’ என்று அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அதை அவள் அம்மாவிடம் மட்டும் காட்டியிருந்தாள்.

அம்மா, மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தலைமை நர்ஸ். முன்பின் தெரியாத குடும்பங்களுக்கு மோசமான செய்தியைப் பக்குவமாகச் சொல்லிச் சொல்லிப் பழகியவள். சொந்தக் கணவரிடம் சொல்லத்தான் அவளுக்கு வரவில்லை. விசாரணை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தாள்.

கணவர் அதே மருத்துவமனையின் சீஃப் இன்ஜினியர். வீட்டிலும் அவருக்கு ‘சீஃப்’ என்றுதான் பெயர். அவருக்குக் கீழே இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் ஒருவர் போன மாதத்திலிருந்து விடுப்பில் இருக்கிறார்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் சீஃப் ஓர் அட்டவணை தயாரித்தார். ஜெனரேட்டருக்கான டீசல் தொட்டியில் அளவுக்குச்சியை விட்டால் எத்தனை சென்டிமீட்டர் நனைகிறது, அப்படியானால் உள்ளே எத்தனை லிட்டர், அது எத்தனை மணி நேரத்துக்கு வரும் என்று பன்னிரண்டு வரிகள். நிர்வாகம் அதற்கு ஒரு கேடயம் கொடுத்தது. அட்டவணையைச் சட்டம் போட்டு ஆறு கிளை மருத்துவமனைகளுக்கும் அனுப்பிவைத்தது. அவர் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கேடயத்தைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் நாற்காலியை அடைய முடியும்.

மகளுக்கு வகுப்பில் கொடுத்த கேள்வியும் ஒரு தொட்டிதான். படுத்த நிலையில் இருக்கும் உருளைத் தொட்டி, குச்சியில் நனைந்த உயரம் இவ்வளவு, உள்ளே எத்தனை லிட்டர் என்று சொல்லும் நிரலை எழுதுக. அவள் அப்பாவிடம் கேட்டாள். இதற்கெல்லாம் எதற்கு நிரல், உலகம் பூராவும் மெச்சிய அட்டவணை வீட்டிலேயே இருக்கிறதே என்று சீஃப் ஒரு பிரதியை எடுத்து நீட்டினார். ஆறு கிளைகளைத்தான் அவர் உலகம் என்றார். அவள் பன்னிரண்டு வரிகளையும் அப்படியே நிரலில் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது.

அன்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். மருத்துவமனை முழுக்க ஜெனரேட்டரை நம்பித்தான் ஓட வேண்டும். வாராவாரம் வரும் டீசல் லாரி, பாலத்தில் ஏதோ வேலை என்று இந்த முறை வரவில்லை. சீஃப் அலட்டிக்கொள்ளவில்லை. முந்தின நாள் சாயங்காலமே குச்சி விட்டுப் பார்த்து, சாப்பாட்டு மேசையில் அறிவித்திருந்தார். இருபத்து நான்கு சென்டிமீட்டர். அறுநூறு லிட்டர். மணிக்கு அறுபது லிட்டர் வீதம் பத்து மணி நேரம். தேவை எட்டு. இரண்டு மணி நேரம் உபரி.

காலையில் பெரிய டாக்டரிடமும் இதையே சொன்னார். பெரிய டாக்டர் அவர் தோளில் தட்டினார். தட்டின இடத்தைச் சீஃப் மத்தியானம் வரை துடைக்கவில்லை.

ஒரு மணிக்கு மகள் விரிவுரையாளரின் அறை வாசலில் நின்றாள். பெஞ்சில் ஏற்கெனவே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். முதல் வாரத்திலிருந்து வகுப்பில் அவனுக்கு ‘கொட்டாவி’ என்று பெயர். ஓராண்டு நீக்கம் என்ற கத்தி தலைக்கு மேலே தொங்கும் இந்த நேரத்திலும் அவன் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

“நான் உன்னைப் பார்த்து எழுதல,” என்றாள் அவள்.

“நீ யாருன்னே எனக்குத் தெரியாது,” என்றான் அவன்.

விரிவுரையாளர் மேடம் இருவரையும் உட்காரச் சொன்னார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு வரியை மட்டும் பென்சிலால் வட்டமிட்டார். எழுபது சென்டிமீட்டருக்கு இரண்டாயிரம் லிட்டர் என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில் எண்பது சென்டிமீட்டருக்கும் இரண்டாயிரம் லிட்டர்.

பத்து சென்டிமீட்டர் டீசல் ஊற்றியும் நிறையாத தொட்டி உலகத்தில் ஒன்று இருப்பதே ஆச்சரியம், அது இரண்டு பேருக்குத் தனித்தனியாகக் கிடைத்தது எப்படி என்று மேடம் கேட்டார்.

கொட்டாவி வாயை மூடிக்கொண்டு பதில் சொன்னான். அவனுடைய மாமா ஏதோ ஓர் ஊரில் ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை செய்கிறார். அங்கே சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அவன் கைபேசியைத் திறந்து காட்டினான். சட்டத்தின் கீழ் ஓரத்தில் சீஃபின் கையெழுத்து, அடியில் இரண்டு கோடு இழுத்து, பளிச்சென்று தெரிந்தது.

மகள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது என் அப்பாவின் கையெழுத்து என்று சொன்னால் அவள் தப்பிக்கலாம். ஆனால் எழுபதும் எண்பதும் ஒன்று என்று எழுதியவர் யாரென்பது நாளைக்கே கல்லூரி பூராவும் பரவிவிடும். சொல்லாவிட்டால் ஒரு வருடம் வீட்டில், அந்தக் கேடயத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

சொன்னாள்.

மேடம் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். மேடத்தின் முகம் மாறிய விதம் வேறு மாதிரி இருந்தது.

“இதை வெச்சு நிஜமாவே யாராவது டீசல் அளக்கறாங்களா?”

மேடம் ஒரு தாளில் வட்டம் போட்டார். படுத்திருக்கும் தொட்டியை முகப்பிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும். நடுவில் அகலம், அடியில் ஒடுக்கம். எழுபதில் நேர்ந்தது கைத்தவறு, அதை விட்டால் உன் அப்பா ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரே அளவு டீசல் என்று எழுதியிருக்கிறார், அது நிற்கிற தொட்டிக்குத்தான் சரி என்றார். பாதிக்கு மேலே டீசல் இருக்கும்வரை தவறு தெரியாது, அட்டவணை சொல்வதைவிட அதிகமாகவே உள்ளே இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கினால்தான் விபரீதம். உள்ளே இருப்பது குறைவு, அட்டவணை சொல்வது அதிகம்.

வாராவாரம் லாரி வந்த ஊரில் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கியதே இல்லை. இருபத்திரண்டு வருடப் பெருமையின் இரகசியம் அந்த லாரிதான்.

“இன்னைக்கு இருபத்து நாலுதான் இருக்கு, மேடம்,” என்றாள் மகள். “காலைலேர்ந்து ஓடுது. மொத்த உயரமே நூத்தி இருபது.”

முதலில் அப்பாவை அழைத்தாள். சீஃப் கைபேசியை எடுத்த உடனேயே, வகுப்பிலிருந்து சந்தேகம் கேட்கிறாளாக்கும் என்று குஷியாகிவிட்டார். அவள் விஷயத்தைச் சொன்னதும் குஷி போய்விட்டது. எந்த மேடம், எத்தனை ஜெனரேட்டர் பார்த்திருக்கிறார் அந்த மேடம் என்று கேட்டார்.

“அப்பா, தயவுசெஞ்சு கேளுங்க. அடியில ஒடுக்கமா இருக்கு. நீங்க நினைக்கறதுல முக்கால்வாசி கூட இல்ல.”

“நான் இந்த வேலைக்குச் சேர்ந்தப்ப நீ பிறக்கவே இல்ல,” என்று சொல்லி சீஃப் வைத்துவிட்டார். தொட்டியின் வடிவத்துக்கும் மகள் பிறந்த தேதிக்கும் என்ன சம்பந்தம் என்பதை அவர் விளக்கவில்லை.

அவள் வார்டு எண்ணுக்கு அழைத்தாள்.

அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். அவள் நின்ற இடத்திலிருந்து மூன்று இயந்திரங்கள் தெரிந்தன. இரண்டாம் கட்டில், ஐந்தாம் கட்டில், ஏழாம் கட்டில். மூன்று பேருக்கும் மூச்சு விடுவது அந்த இயந்திரங்கள்தான். ஏழாம் கட்டிலில் இருந்தவள் பத்தொன்பது வயதுப் பெண். அம்மாவுக்கு அந்தக் கட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் கண் கொஞ்சம் நகர்ந்துபோகும்.

மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் பேட்டரியில் அரை மணி நேரம் ஓடும் என்று இயந்திரங்களின் மேல் ஒட்டியிருந்தது. அதை ஒட்டியது விற்றவர்கள். ஆறு வருடம் முன்பு.

அவள் இளைய நர்ஸைக் கூப்பிட்டு, மூன்று கட்டில்களின் தலைமாட்டிலும் கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் பையை எடுத்து வைக்கச் சொன்னாள். எதற்கு சிஸ்டர் என்று அந்தப் பெண் கேட்டாள். சும்மாதான் என்றாள். அந்த வார்டில் சும்மா என்ற சொல்லுக்கு எல்லோரும் பயப்படுவார்கள். இளைய நர்ஸ் ஓடினாள்.

போகிற வழியில் அம்மா மருந்து அறையிலிருந்து ஒரு லிட்டர் ஜாடி ஒன்றை எடுத்துக்கொண்டாள். உருண்டையான பிளாஸ்டிக் ஜாடி, திருகுமூடி, பக்கவாட்டில் மில்லிக் கோடுகள்.

தொட்டி அறையில் ஜெனரேட்டர் காதைப் பிய்த்தது. மகள் சொன்னதை நம்பவில்லை என்றாலும் சீஃப் கீழே இறங்கி வந்திருந்தார். குச்சியும் கையில் இருந்தது. மணி ஒன்று ஐம்பது. குச்சி பதினொரு சென்டிமீட்டர் நனைந்திருந்தது.

“பதினொண்ணு. இருநூத்தி எழுபத்தஞ்சு லிட்டர்,” என்று மனைவியின் காதருகே கத்தினார். “நாலரை மணி நேரம் வரும். ஆறு மணிக்குக்கூட ஓடும். போ, போய் வார்டைப் பாரு.”

அவள் போகவில்லை. காலையில் அறுநூறு இருந்தது என்றீர்கள், ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவாக ஓடியிருக்கிறது, இருநூற்றுத் தொண்ணூறு போயிருக்கும், அப்படியானால் மீதி முந்நூற்றுப் பத்து அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டாள். சொட்டு மருந்துக் கணக்கைத் தினமும் போடுகிறவளுக்கு இது பெரிய விஷயமில்லை. ஜெனரேட்டர் கொஞ்சம் கூடக் குடிக்கிறது என்றார் சீஃப். பழசு ஆகிவிட்டது, அப்படித்தான் இருக்கும். தான் பழசாகிவிட்டதாக அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவள் ஜாடியின் அடித்தட்டில், விளிம்பிலிருந்து கால்வாசி உயரத்தில், ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டினாள். குழாயடியில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து மூடியைத் திருகி, ஜாடியைத் தரையில் படுக்கப் போட்டாள். தண்ணீர் பிளாஸ்திரிக்கு மேலே நின்றது. கொஞ்சம் கொட்டினாள். மறுபடி படுக்கப் போட்டாள். இந்த முறை சரியாகப் பிளாஸ்திரியைத் தொட்டது.

“கால் உயரம். உங்க அட்டவணைப்படி எவ்வளவு இருக்கணும்?”

“இருநூத்தி அம்பது மில்லி.”

அவள் ஜாடியை நிமிர்த்தி வைத்தாள். தண்ணீர் இருநூறைக்கூடத் தொடவில்லை.

சீஃப் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஜாடி சரியில்லை என்றார். அவள் ஜாடியை அவர் கையில் கொடுத்தாள். அவரே படுக்கப் போட்டார். அவரே நிமிர்த்தினார். இரண்டாவது தடவையும் அதே இடத்தில்தான் நின்றது.

அவர் முகத்தில் இருந்த சீஃப் இறங்கிப்போனார். அங்கே நின்றது ஐம்பத்தேழு வயது ஆசாமி ஒருவர், வாயைத் திறந்தபடி.

“அடியில இன்னொண்ணு இருக்கு,” என்றார். அவள் அவர் வாயருகே காதை வைக்க வேண்டியிருந்தது. “டீசல் உறிஞ்சற பைப் தொட்டி அடியைத் தொடாது. அஞ்சு சென்டிமீட்டர் மேல நிக்கும். மண்டி உள்ள போகக் கூடாதுன்னு நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன். அந்தக் கடைசி அஞ்சு வராது.”

அன்று முழுவதும் சீஃப் சொன்ன முதல் உபயோகமான வாக்கியம் அதுதான்.

அம்மா மகளை அழைத்தாள். பதினொன்று, அடியில் ஐந்து வராது என்று இரண்டே எண்களைச் சொன்னாள்.

கணினி அறையில் மகளும் கொட்டாவியும் ஒரே திரையின் முன் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் பின்னால் நின்றார். இன்றைக்கு மட்டும் பார்த்து எழுதலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார். வட்டத்தில் எவ்வளவு பகுதி நனைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சூத்திரத்தைக் கொட்டாவி சொல்லச் சொல்ல மகள் தட்டினாள். தூங்குகிற மாதிரி இருக்கும் அவனுக்கு அது மனப்பாடமாக இருந்தது. ஐந்து வாரமாக அவன் தூங்கியது வகுப்பில் புதிதாக ஒன்றும் இல்லை என்பதால்தான் என்று மேடம் அப்போதுதான் புரிந்துகொண்டார். அதை அவர் அவ்வளவு ரசிக்கவில்லை.

மகள் பதினொன்று என்று கொடுத்து ஓட்டினாள். திரையில் விடை வந்தது.

0 லிட்டர்.

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பூஜ்யம் என்றால் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. கைபேசியில் அம்மாவின் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் ஜெனரேட்டரின் சத்தமும் கேட்டது. ஓடுகிறதே, ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று அவள் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மேடம் குனிந்து ஒரு வரியில் விரல் வைத்தார். பதினொன்றை நூற்று இருபதால் வகுக்கிறாய், இரண்டும் முழு எண், முழு எண்களை வகுத்தால் இந்த மொழி பின்னத்தைத் தூக்கி எறிந்துவிடும், பூஜ்யம்தான் மிஞ்சும். எல்லாரும் முதல் தேர்வில் விழும் பள்ளம்தான் இது என்றார். மகள் எண்களுக்குப் பின்னால் தசமப் புள்ளி வைத்தாள். அந்த ஒரு புள்ளியை அவள் மூன்று முறை தவறாகத் தட்டினாள்.

உள்ளே நூற்று முப்பத்தேழு லிட்டர். அதில் எடுக்க முடியாதது நாற்பத்து மூன்று. மிச்சம் தொண்ணூற்று நான்கு.

மேடம் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார். இதைக் கையால் ஒரு முறை போடு என்றார். அவள் போட்டாள். அந்தப் பாடத்தில் அவள் உண்மையாகவே மூன்றாம் படியைச் செய்தது அதுதான் முதல் தடவை. இரண்டு நிமிடம் ஆனது. விடை ஒன்றாக வந்தது.

“அம்மா,” என்றாள். “மூணு இருபத்து நாலு வரைக்கும்தான்.”

மின்சாரம் வருவது ஐந்துக்கு. நடுவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருட்டு. நூறு லிட்டர் டீசல் வேண்டும்.

சீஃப் பெட்ரோல் பங்குக்கு ஆள் அனுப்பினார். ஆள் காலிக் கேன்களோடு திரும்பி வந்தார். அந்த வட்டாரத்துக்கே மின்சாரம் இல்லை, பங்கில் பம்பு ஓடவில்லை. லாரிக்காரரின் கைபேசி, தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

சீஃப் மாடிக்கு ஓடி, தேவையில்லாத சுவிட்சுகளையெல்லாம் அணைத்தார். பெரிய டாக்டரின் அறை ஏசியையும் அணைத்தார். ஆயத்த நிலை பற்றி அன்று மாலை பேச வேண்டிய உரையைச் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய டாக்டர் வியர்த்து வெளியே வந்தார். ஏன் என்று கேட்டார். சீஃப் விளக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுக் கீழே ஓடினார்.

வாசலில் இரண்டு ஆம்புலன்ஸ்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஐம்பது லிட்டருக்கு மேல் டீசல் இருந்தது. ஆனால் மூத்த ஓட்டுநர் டீசல் மூடியைத் திறக்க மறுத்தார். வண்டியிலிருந்து எரிபொருள் எடுக்க வேண்டுமென்றால் படிவம் வேண்டும், மூன்று பிரதி, துறைத்தலைவர் ஒப்பம், முதல் நாளே கொடுத்திருக்க வேண்டும் என்றார்.

அப்படி ஒரு விதியைப் போட்ட முட்டாள் யார் என்று சீஃப் கேட்டார்.

“நீங்கதான் சார்,” என்றார் ஓட்டுநர். அவர் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

மணி இரண்டு ஐம்பது. மூன்று. சீஃப் படிவத்தைத் தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். படிவம் அச்சடிக்கும் இயந்திரத்தை அவரே பத்து நிமிடம் முன்னால் அணைத்திருந்தார்.

அம்மா வார்டிலிருந்து இறங்கி வந்தாள். ஓட்டுநரின் முன்னால் நின்றாள்.

“ஏழாம் கட்டில்ல இருக்கற பொண்ணை நீங்கதானே அண்ணே தூக்கிட்டு வந்தீங்க?”

ஓட்டுநர் ஆமாம் என்றார்.

“அவ இன்னும் மெஷின்லதான் இருக்கா.”

ஓட்டுநர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, டீசல் குழாயைக் கழற்றி, கேனைக் கீழே வைத்தார்.

டீசல் அவசரம் புரியாமல் நூல் மாதிரி இறங்கியது. சீஃப் கேனைப் பிடித்தபடி முழங்காலிட்டிருந்தார். வெள்ளைச் சட்டையின் முன்புறம் கறுப்பாகிவிட்டது. முதல் கேன் நிறைய இருபது நிமிடம் ஆனது. மூன்று இருபதுக்கு அவரும் ஓட்டுநரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தொட்டி அறையை நெருங்கும்போது ஜெனரேட்டரின் சத்தம் மாறியது.

அது நிற்கவில்லை. இருமியது. ஒருவர் தூக்கத்தில் மூச்சை விட்டுவிட்டுப் பிடிப்பது போல. மூன்று இருபத்திரண்டுதான் ஆகியிருந்தது. மகளின் கணக்கில் இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. ஜெனரேட்டருக்கு அந்தக் கணக்கு தெரியாது.

மேலே விளக்குகள் மஞ்சளாகி, போய், வந்தன. மூன்று இயந்திரங்களும் ஒரே சமயத்தில் கூவின. இரண்டாம், ஐந்தாம் கட்டில் இயந்திரங்கள் பேட்டரிக்கு மாறிக்கொண்டன. ஏழாம் கட்டிலின் திரை இருண்டது. அம்மா குழாயைக் கழற்றிப் பையை மாட்டி அழுத்த ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, விடு. ஒன்று, இரண்டு, விடு. பெண்ணின் மார்பு ஏறி இறங்கியது. இளைய நர்ஸ் பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணினாள். தான் அழுகிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

கீழே சீஃப் டீசலைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். பாதி உள்ளே போனது. மீதி அவர் செருப்பில். ஜெனரேட்டர் இன்னொரு தடவை இருமியது. பிறகு யோசித்தது. பிறகு பழைய சத்தத்துக்குத் திரும்பியது.

இதெல்லாம் ஐம்பது வினாடி. ஏழாம் கட்டில் இயந்திரத்தின் திரை மறுபடி எரிந்தபோதும் அம்மா பையை விடவில்லை. இளைய நர்ஸ்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

இன்னும் மூன்று கேன்கள் ஊற்றினார்கள். நாலு ஐம்பதுக்கு மின்சாரம் வந்தது. மகள் பேருந்து பிடித்து மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது, சீஃப் கீழ்த்தளத்தில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேல் முழுக்க டீசல் வாடை. வரவேற்புப் பெண் தன் நாற்காலியை ஆறடி தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மகள் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். அந்த அட்டவணை தன்னுடையதுதான் என்று அப்பா ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எழுபதுக்கும் எண்பதுக்கும் ஒரே அளவு எழுதியதும் தான்தான் என்று அதில் குறிப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அது வந்தால் இரண்டு பேர் மீதும் இருக்கும் புகாரை மூடிவிடுவதாக மேடம் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் மேலிடத்துக்குப் போகும்.

எழுதறேன் என்று சீஃப் சொல்லவில்லை. எழுதமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

“முதல்ல ஆறு ஊருக்கும் சொல்லணும்,” என்றார். “அங்கயும் இதுதான் மாட்டியிருக்கு.”

அவர் குரலில் இருந்த பயத்தை மகள் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டாள்.

கிளைகளின் எண்கள் எழுதிய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வரட்டுமா என்று கேட்டாள். எதற்கு, எல்லாம் தலைக்குள் இருக்கிறது என்று சீஃப் மேசைத் தொலைபேசியில் எண்களை அழுத்தினார்.

முதல் கிளையில் அட்டவணையா, எந்த அட்டவணை என்று கேட்டார்கள். இரண்டாவது கிளையில் அது பிரிக்காத பெட்டியில் இருந்தது. மூன்றாவதில், வந்த வருடமே அங்கிருந்த மெக்கானிக் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து நேராகவே அளந்துகொள்கிறாராம். நான்காவது கிளை கொட்டாவியின் மாமா வேலை பார்க்கும் இடம். பழைய சுவிட்ச் பெட்டியைப் பெயர்த்த இடத்தில் சுவரில் ஒரு ஓட்டை விழுந்துவிட்டதாகவும், அதை மறைக்கச் சட்டம் சரியான அளவில் இருந்ததாகவும் மாமா நன்றியோடு சொன்னார். ஐந்தாவதில் தொட்டியே நிற்கிற தொட்டி.

ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் சீஃப் நிம்மதியாக மூச்சு விட்டார். ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் சிறுத்துப்போனார்.

மிச்சம் ஆறாவது. படுத்த தொட்டி. அட்டவணை தொட்டிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது என்பது சீஃபுக்குத் தெரியும், மாட்டியபோது அவரே போயிருந்தார். டீசல் லாரி அதே பாலத்தைத் தாண்டித்தான் அங்கும் போக வேண்டும். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அங்கே மின்தடை.

மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. சீஃப் வைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். அடித்தது. இருபது நிமிடமாக அடித்துக்கொண்டே இருந்தது. எடுங்க, யாராவது எடுங்க என்று அவர் உதடு அசைந்தது. மகள் அவர் தோளைத் தொட்டபோது சட்டை ஈரமாக இருந்தது. அது டீசலா வியர்வையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா வேலை முடிந்து கைப்பையோடு படியிறங்கி வந்தாள்.

“என்னங்க, மேல உங்க ரூம்ல போன் ரொம்ப நேரமா அடிச்சுக்கிட்டே இருக்கு. பூட்டியிருக்கறதால யாரும் எடுக்கல.”

சீஃப் ரிசீவரை வைத்தார். மாடியில் மணி நின்றது.

ஆறாவது கிளை என்று நினைத்து அவர் இருபது நிமிடமாக அழைத்துக்கொண்டிருந்தது தன் சொந்த அறையை.